முன்பணம் முதல் மூன்றாம் பருவம் வரை: விசைத்தறி வீட்டு மாணவி ஒருவரின் மேற்படிப்பு முடிவு

பின்னணி

மாணவி வெள்ளகோவில் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, 2024 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதியவர். தமிழ் வழி. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவு. அப்பா எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். மாஸ்டர் வீவர் (நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி) பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) கொடுப்பார். துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்க வேண்டும். அம்மா இரண்டு கறவை மாடு பார்க்கிறார், நேரம் கிடைத்தால் குடோனில் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றுவார். தம்பி ஒன்பதாம் வகுப்பு. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பட்டம் பெற்றவர் யாரும் இல்லை. ஆள் கூலி, கரண்ட், உதிரிச் சாமான் போக நல்ல மாதத்தில் 25,000 ரூபாய் கையில் நிற்கும். பாவு வராத மாதத்தில் அதில் பாதிகூட நிற்காது.

பின்னால் பெரிதாக வந்து நின்ற ஒரு விவரத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வரை அவர் படித்தது பக்கத்து ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளியில். 2020ல் கொரோனாவில் தறி நின்றுபோய்ப் பீஸ் கட்ட முடியாமல், ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறினார். அந்த ஆண்டு கொங்குப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது.

முடிவு வந்த வாரம்

2024 மே 6 அன்று தேர்வு முடிவு வந்தது. தமிழ் 94, ஆங்கிலம் 88, கணிதம் 82, இயற்பியல் 79, வேதியியல் 86, கணினி அறிவியல் 96. மொத்தம் 600க்கு 525. பொறியியல் கட்-ஆப் 200க்குக் கணக்கிடப்படும்: கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. ஆக 82 + 39.5 + 43 = 164.5. மொத்தம் 525 என்றதும் வீட்டில் பெரிய கல்லூரிகளின் பெயர்கள் பேச்சில் வந்தன. தமிழும் ஆங்கிலமும் கணினி அறிவியலும் இந்தக் கணக்கில் சேராது என்பதை அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நர்சிங் ஆசை. உயிரியல் படிக்காததால் பி.எஸ்சி. நர்சிங் பதினொன்றாம் வகுப்பிலேயே அடைபட்டுவிட்டது. மருத்துவம் சார்ந்தவற்றில் பி.பார்ம். கணிதப் பிரிவினருக்கும் உண்டு. ஆனால் மாணவிக்கு அதில் நாட்டமில்லை. அந்தப் பேச்சு ஒரே நாளில் முடிந்தது.

மூன்றாம் நாள் தாய்மாமன் ஓர் ஏஜென்டைக் கூட்டிவந்தார். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவு, நிர்வாக ஒதுக்கீடு (அரசுக் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் இடம்), வாசலுக்கே கல்லூரி பஸ் வரும். "மச்சான், கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தா இந்தச் சீட்டு நிக்காது" என்று மாமன் சொல்ல, அப்பா 10,000 ரூபாய் முன்பணமும் மகளின் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழும் கொடுத்துவிட்டார். கொடுத்ததற்கு அத்தாட்சியாகக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஏஜென்டின் கையெழுத்து இருந்தது; கல்லூரியின் பெயரோ ரசீது எண்ணோ இல்லை.

பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியைக்கு இது தெரிந்தது அடுத்த வாரம், கலந்தாய்வுப் பதிவுக்காக மாணவி பள்ளிக்கு வந்தபோது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

கவனித்தவை

முதலில் தகுதி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021ல் பொறியியலுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். இந்த வீட்டில் அந்த ஒதுக்கீடு உறுதி என்றே நம்பியிருந்தார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டுப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இவர் பீஸ் கட்டிப் படித்தவர். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவில் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் மெட்ரிகுலேஷன் என்றே இருந்தது. 7.5 சதவீதமும் இல்லை, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் உதவியும் இல்லை. அப்பாவுக்கு இதை ஏற்கச் சிரமமாக இருந்தது. "நாலு வருசம் கவர்மென்டு பள்ளிக்கூடத்துலதானுங்க படிச்சுது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விதி அப்படி இருக்கிறது.

மிச்சமிருந்தது, குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கட்டணத்தைக் குறைக்கும் முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கும்; இவர் எடுத்துக்கொண்டால் தம்பிக்குக் கிடையாது. கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் செல்லும், நிர்வாக ஒதுக்கீட்டில் செல்லாது. ஏஜென்ட் இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து, மாணவிக்கு எது வரும் என்பது. "என்ன படிக்கப் போற கண்ணு?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்றார். எதற்கு என்று கேட்டால் கூடப் படித்தவர்கள் எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள் என்றார். இந்த வயதில் இது சாதாரணம். குறையாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் இதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு நான்கு ஆண்டுக்கும் ஐந்தாறு லட்சத்துக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. பாடப் பிரிவின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் படிப்பு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வைத்தார் ஆசிரியை. ரேங்க் பட்டியல் வர இன்னும் பல வாரம் இருந்ததால் அதற்கு நேரம் இருந்தது.

காங்கயத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் முன்னாள் மாணவி ஒருவரிடம் ஒரு காலை முழுவதும் உட்காரச் சொன்னார். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் தரப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாள் இருக்க ஏற்பாடு செய்தார். மூன்றாவதாக, பிளஸ் டூவில் படித்த பைத்தானை வைத்தே அப்பாவின் எட்டுத் தறிக்கும் வாரக் கூலி போடும் ஒரு சிறு நிரலை எழுதி வரச் சொன்னார். மூன்றையும் பற்றி ஒவ்வொரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

நிரலை இரண்டு மாலையில் எழுதிவிட்டார், அது சரியாகவும் ஓடியது. மென்பொருள் சோதனை பற்றி அரைப் பக்கம் எழுதி, முடியும் என்று முடித்திருந்தார். தரக் கூடம் பற்றி நான்கு பக்கம். வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, எடை போட்டு, கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) வரும் என்பதைப் படத்தோடு எழுதியிருந்தார். துணியில் 50 சென்டிமீட்டர் குறி போட்டுத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து சுருக்கம் கணக்கிடுவதையும், ஒரே சாயத்தில் இரண்டு ரோல் இரண்டு நிறமாக நிற்கும்போது யார் மேல் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று தான் கேட்ட கேள்வியையும் எழுதியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது இன்னும் முக்கியம். ஆறு மாதம் முன்பு அப்பாவின் துணி ஒரு லாட் திரும்பி வந்து கூலியில் பிடித்தம் ஆனது. அங்குலத்துக்கு 56 பிக் (ஊடை இழை) கேட்டிருந்த இடத்தில், கண்ணாடி வைத்து எண்ணியபோது 52 இருந்தது. ஊடை நூல் மட்டம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு தறியின் துணியில் மட்டும் குறைவதைக் குறித்து வைத்தவர் இந்த மாணவி. துணியைச் சுற்றி இழுக்கும் அமைப்பில் பிக்கைத் தீர்மானிக்கும் பல் சக்கரம் அந்த இரண்டு தறியிலும் முந்தைய ஆர்டருக்குப் போட்டதாகவே இருந்தது, மாற்றாமல் விட்டிருந்தார்கள். ஏழெட்டு வருடம் தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை என்பதால் இதைப் பெரிய விஷயமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பிழையைத் தறி தறியாகப் பிரித்துப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது, துணித் துறையில் தர அலுவலருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை.

இதை வைத்து ஆசிரியை டெக்ஸ்டைல்தான் என்று முடிவு கட்டவில்லை. நிரலும் சரியாக வந்ததால், கணினி வராத பிள்ளை என்று சொல்ல இடமில்லை. டெக்ஸ்டைல் டெக்னாலஜி பட்டியலில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் உறுதியானது. அதுவரை அந்தப் பெயரே இந்த வீட்டில் பேசப்படவில்லை. "தறியிலிருந்து வெளிய வரோணும்னுதான் படிக்க வெக்கறோம், மறுபடி தறிக்கே படிக்கறதா?" என்று அப்பா கேட்டார். பி.டெக். முடித்தவர் போய் நிற்கும் இடம் தறி முன்னால் அல்ல, தரக் கூடம், சாயப்பட்டறை ஆய்வகம், மெர்ச்சன்டைசிங் (ஆர்டரை வாங்கி முடித்துக் கொடுக்கும் வேலை), இயந்திர விற்பனை என்று விளக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், அதற்குப் பின் கழிவுநீரை வெளியேவிடாமல் சுத்திகரிக்கும் விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்ததால் வேதியியல் தெரிந்த ஆட்களுக்கு அங்கே வேலை கூடியதையும் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த மாதங்களில் நூலும் துணியும் தேங்கியதை அவரே பார்த்தவர்.

வழிகளும் கணக்கும்

ஏஜென்ட் சொன்ன இடத்துக்கு ஆண்டுக்குக் கல்விக் கட்டணமும் இதரக் கட்டணமும் 1,35,000, பஸ் 38,000, தேர்வும் புத்தகமும் 12,000; மொத்தம் 1,85,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 7,40,000. 2017ல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் 87,000 ரூபாய், கலந்தாய்வு இடத்துக்கு 55,000. அதற்கு மேல் கேட்டது எந்தத் தலைப்பில் என்று ஏஜென்டால் எழுதித் தர முடியவில்லை.

கலந்தாய்வில் விடுதியோடு போட்ட கணக்கு: கட்டணம் 55,000, அதில் முதல் பட்டதாரிச் சலுகை 25,000 கழிய 30,000, விடுதியும் சாப்பாடும் 85,000, தேர்வு, புத்தகம், போக்குவரத்து 20,000. ஆண்டுக்கு 1,35,000, நான்கு ஆண்டுக்கு 5,40,000. விடுதி இல்லாமல் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்தால் இன்னும் குறையும்.

சேலத்தில் உள்ள கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்றாண்டு டிப்ளமோவும், பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் பேசப்பட்டன. பாலிடெக்னிக் முடித்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு வழியே சேரலாம். அதைக் காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. கட்டணம் குறைந்த, உறுதியான வழி. கட்-ஆப் 120க்குக் கீழே உள்ள மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 164.5க்கு நேரடியாகவே நல்ல இடம் கிடைக்கும் என்பதால் விட்டார்கள்.

காப்புக்காகத் திருப்பூரில் அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு பி.எஸ்சி. கணிதம் விண்ணப்பித்து, ஜூனில் இடம் கிடைத்துச் சேரவும் செய்தார். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை பொறியியல் ஒதுக்கீட்டுக்கு முன்பே முடிந்துவிடும். கட்டணமும் சில ஆயிரம்தான். இப்படி ஓர் இடத்தைப் பிடித்துவைப்பது இன்னொரு பிள்ளையின் இடத்தை அடைப்பதாகும் என்ற மனக்குறை சிலருக்கு உண்டு. பொறியியல் உறுதியான அன்றே எழுதிக் கொடுத்து விலகினால் அந்த இடம் காத்திருப்பவருக்குப் போகும். விலகாமல் மாதக்கணக்கில் பேரேட்டில் பெயரை விட்டுவைப்பதுதான் தவறு.

விருப்பப் பட்டியல்

விருப்பப் பட்டியலில் 34 இடங்கள் போடப்பட்டன. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணை வைத்தே எழுதினார்கள். முந்தைய ஆண்டு அதே பிரிவில், அதே இனத்தில் (இவர் பி.சி.) கடைசியாக எந்த கட்-ஆப்புக்கு இடம் போனது என்பதை ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார்கள். கல்லூரிக்கு மொத்தமாக நாக் என்ற தர மதிப்பீட்டுக் குழுவின் அங்கீகாரம் இருந்தாலும், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான என்.பி.ஏ. அங்கீகாரம் பிரிவு பிரிவாகத்தான் தரப்படுகிறது. கணினிக்கு இருக்கும், டெக்ஸ்டைலுக்கு இருக்காது, அல்லது நேர்மாறாக. அதைத் தனிப் பத்தியில் குறித்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதம் இன்னொரு பத்தி.

நேரில் போய்ப் பார்த்தது இரண்டு கல்லூரி. நூற்பு, நெசவு, பின்னல், சாய ஆய்வகங்களில் இயந்திரம் ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பதைவிட, இந்தப் பிரிவில் படித்தவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று கேட்டது பயன்பட்டது. ஒரு கல்லூரியில் கையோடு பட்டியல் காட்டினார்கள். இன்னொன்றில் கல்லூரி முழுமைக்குமான ஒரு பெரிய எண்ணை மட்டும் சொன்னார்கள். அந்தக் கல்லூரி பட்டியலில் கீழே இறங்கியது.

மேலே ஐந்து இடம் கணினி சார்ந்தவை. அதற்குக் கீழே கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் டெக்ஸ்டைலும் எலக்ட்ரானிக்ஸும் கலந்து. மேலே இருந்த ஐந்தில் நான்கு இவர் கட்-ஆப்புக்கு எட்டாதவை. ஐந்தாவது எட்டக்கூடியது. மாமன் சொன்னதற்காகச் சேர்த்த அந்த ஒரு கல்லூரியை மட்டும் யாரும் போய்ப் பார்த்திருக்கவில்லை, தேர்ச்சி விகிதமும் எழுதியிருக்கவில்லை.

ஒதுக்கீடு வந்த இரண்டு நாள்

ஆகஸ்டில், இரண்டாம் சுற்றில், தற்காலிக ஒதுக்கீடு வந்தது. ஒன்பதாவது விருப்பம்: கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி. இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஐந்து வகைப் பதில் உண்டு: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, இதை விட்டுவிட்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, விட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது.

பல வீடுகளில் தடுமாற்றம் வருவது இரண்டாவதில்தான். கையில் இருப்பதும் போகாது, மேலே கிடைத்தாலும் லாபம் என்று எண்ணுகிறார்கள். மேலே ஓர் இடம் காலியானால் அது தானாக ஒதுக்கப்படும்; அந்த நொடியில் கீழே இருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் மேலே எழுதிய ஒவ்வொன்றும், கையில் இருப்பதைவிட உண்மையிலேயே விருப்பமானதாக இருக்க வேண்டும்.

மாமன் காத்திருக்கச் சொன்னார். "ஐடி கெடச்சா பொழைச்சுக்கும் மச்சான்." ஆசிரியை நோட்டை எடுத்து முதல் எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாக வாசித்து, இது கிடைத்தால் கோவையை விட்டு அங்கே போவாயா என்று மாணவியிடம் கேட்டார். முதல் நான்குக்கும் "போவேனுங்க" என்றார். ஆறு, ஏழு, எட்டுக்கு யோசித்தார். ஐந்தாவதுக்குத் தலையாட்டி, "அது வேண்டாமுங்க டீச்சர், அங்க யாரும் போய்ப் பாக்கவே இல்ல" என்றார். முதல் நான்கு கிடைக்கப் போவதில்லை. காத்திருந்தால் கிடைக்கக்கூடியது அந்த ஐந்தாவதுதான். முந்தைய ஆண்டு கட்-ஆப்பைப் பார்த்தால் அதற்கு நல்ல வாய்ப்பும் இருந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது. "ஏற்றுச் சேர்கிறேன்" என்று உறுதி செய்தார்கள். இதைத் தேர்ந்தவர் குறித்த நாளுக்குள் கல்லூரியில் போய்ச் சேராவிட்டால் இடம் ரத்தாகும் என்பதால், மறுநாளே அசல் சான்றிதழ்களைத் தேட வேண்டிவந்தது.

சான்றிதழும் பணமும்

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஜூன் முதல் வாரமே திரும்பியிருந்தது. கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது, குறித்த தேதிக்குள் விலகுபவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அப்பா கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிக் கல்லூரி அலுவலகத்திலேயே நேரில் கொடுத்தார்கள். கடித நகலில் முத்திரை வாங்கினார்கள். சான்றிதழ் மூன்று வாரத்தில் வந்தது. பணம் தங்களிடம் வரவே இல்லை என்றது கல்லூரி. அது உண்மையாகவும் இருக்கலாம். துண்டுச் சீட்டில் கல்லூரிப் பெயர் இல்லையே. மாமன் போய்ப் பேசியதில் ஏஜென்ட் 6,000 திருப்பித் தந்தார். மீதி 4,000 போனதுதான்.

கலைக் கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க நான்கு நாளானது: விலகல் கடிதம், நூலகம் முதல் அலுவலகம் வரை பாக்கி இல்லை என்ற கையெழுத்து, பிறகு முதல்வர் ஒப்பம். இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை வந்துவிட்டது. குறித்த கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார்.

முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்திருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். ரேஷன் கார்டில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தோடும் மாணவியின் மாற்றுச் சான்றிதழில் விரிவாகவும் இருந்ததால் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். உறுதிமொழி சேர்த்து மறுபடி கொடுத்து, ஜூன் கடைசியில் கிடைத்தது.

கல்விக்கடன் வித்யாலட்சுமி தளம் வழியே கேட்கப்பட்டது. நான்கு லட்சம் வரை கடனுக்கு ஈடும் வேண்டாம், பெற்றோர் பங்குத்தொகையும் வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்பதால் வருமானச் சான்றிதழும் இணைத்தார்கள். படிப்புக் காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் கிடைக்க அது வேண்டும். 3.5 லட்சம் கேட்டு 3 லட்சம் அனுமதியானது. பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்தது அக்டோபரில். முதல் தவணைக் கட்டணமும் விடுதி முன்பணமும் ஆகஸ்டிலேயே கட்ட வேண்டியிருந்ததால் அம்மா போட்டிருந்த ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டை 18,000 தள்ளி (அவ்வளவு குறைத்து ஏலம் கேட்டு) எடுத்தார்கள். கடன் தாமதத்தின் விலை அந்த 18,000. ஒதுக்கீட்டு ஆணை வருவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்த்து, வேண்டிய தாள்களை எல்லாம் அடுக்கிவைத்திருந்தால் ஒரு மாதமாவது முந்தியிருக்கும்.

பின் நடந்தது

முதல் பருவத்தில் இன்ஜினியரிங் பிசிக்ஸில் அரியர் விழுந்தது. பாடம் புரியாமல் இல்லை. தமிழ் வழியில் ‘மீட்சிப் பண்பு’ (எலாஸ்டிசிட்டி) என்று படித்ததை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் விளக்கி எழுத வரவில்லை. கணக்குப் பகுதியில் மதிப்பெண் வாங்கியிருந்தார், விளக்க விடைகளில் ஒற்றை வரிகளாக எழுதியிருந்தார். முதல் ஆண்டில் இருக்கும் பைத்தான் பாடம் எளிதாகப் போனது. விடுதியில் அறைத் தோழிகளோடு தினம் ஒரு விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லி, பிறகு எழுதிப் பழகினார். அடுத்த தேர்வில் அரியர் போனது. மூன்று பருவம் முடிந்த நிலையில் சிஜிபிஏ (எல்லாப் பருவத்துக்குமான சராசரி, பத்துக்கு) 7.4. இரண்டாம் ஆண்டில் நூல் உற்பத்தி, துணி உற்பத்திப் பாடங்கள் தொடங்கிய பிறகு மதிப்பெண் ஏறியிருக்கிறது.

2025 கோடை விடுமுறையில் பல்லடம் பக்கம் ஒரு நெசவு ஆலையின் தரக் கூடத்தில் மூன்று வாரப் பயிற்சி. அங்கே துணிப் பிழைகளைத் தறி எண் வாரியாகப் பிரித்து ஒரு தாளில் போடும் முறை இல்லை. ஒட்டுமொத்தமாக மீட்டருக்கு இத்தனை பிழை என்று மட்டும் எழுதினார்கள். தறி வாரியாக எழுதி, அதைச் சிறு நிரலில் ஏற்றிக் காட்டினார். அடுத்த கோடையிலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை உறுதி எதுவும் இல்லை, வளாக நேர்காணல் ஏழாம் பருவத்தில்தான்.

ஏஜென்ட் சொன்ன அதே கல்லூரியில், அதே பிரிவில் இவருடைய வகுப்புத் தோழி ஒருவர் சேர்ந்தார். அவர் நன்றாகவே படிக்கிறார், நிரல் எழுதுவதில் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருக்கிறது. அந்தப் படிப்பைக் குறை சொல்ல எதுவுமில்லை. அந்தத் தோழியின் கட்-ஆப் 158. கலந்தாய்வுக்கு வந்திருந்தால் அதே கல்லூரியில் அதே பிரிவே கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு, பாதிக் கட்டணத்தில்.

அடுத்த முறை மாற வேண்டியவை

7.5 சதவீதத் தகுதியை முடிவு வந்த பிறகு பார்ப்பது மிகவும் தாமதம். ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர்கள் யார் யார், அவர்களில் கல்வி உரிமைச் சட்டத்தில் படித்தவர்கள் யார் என்பது எமிஸில் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்க்கையின்போதே தனிப் பட்டியல் எடுத்து, தகுதி இல்லாத வீடுகளுக்கு அப்போதே சொல்லிவிட்டால் இரண்டு ஆண்டு சேமிக்க நேரம் கிடைக்கும். இந்தப் பள்ளியில் இப்போது அப்படிப் பட்டியல் எடுக்கிறார்கள்.

முதல் பட்டதாரி, வருமானம், சாதிச் சான்றிதழ்களைப் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில் விண்ணப்பிக்கலாம். பெயர், முன்னெழுத்து வேறுபாடுகள் அப்போதே தெரிந்துவிடும். மேயில் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும்.

வேலையிடங்களைப் பார்க்கும் அந்த மூன்று பயிற்சியைத் தேர்வு முடிந்த ஏப்ரலில் வைக்க வேண்டும். முடிவு வந்த மூன்றாம் நாள் ஏஜென்ட் வாசலில் நிற்பார். அதற்குள் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும். தமிழ் வழி மாணவர்களுக்கு மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் பெரும்பாலும் சும்மா கழிகிறது. பிளஸ் டூ இயற்பியல், வேதியியலில் பத்துப் பாடத்தை ஆங்கிலப் பதிப்பில் படித்து விடை எழுதிப் பழகினால் முதல் பருவ அரியரில் பாதி குறையும்.

விருப்பப் பட்டியலில் யாரும் போய்ப் பார்க்காத, கணக்கு எழுதாத கல்லூரி இருக்கவே கூடாது. இருந்தால் கடைசி நாளுக்கு முன்பு நீக்கிவிட வேண்டும், உறவினர் மனம் கோணினாலும்.

இந்த வீட்டில் அடுத்த முடிவு தம்பியுடையது. அவரும் ஐந்தாம் வகுப்புவரை அதே மெட்ரிகுலேஷன் பள்ளியில்தான் படித்தார். 2020ல் ஆறாம் வகுப்புக்கே அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டதால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. இப்போது பிளஸ் ஒன் படிக்கிறார். முதல் பட்டதாரிச் சலுகையை அக்கா எடுத்துவிட்டார் என்ற பேச்சு வீட்டில் அவ்வப்போது வருகிறது, 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்தால் அது தேவைப்படாது என்பதை ஆசிரியை அப்பாவிடம் எழுதியே கொடுத்திருக்கிறார். உயிரியல் உள்ள பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அது அம்மா கேட்டது.